அரங்கமும் சபையும்

எபேசு நகரின் நாடக அரங்கம் இன்றும் துருக்கி நாட்டில் இடிபாடுகளாய் நின்றுகொண்டிருக்கிறது. மலைச்சரிவைக் குடைந்து அமைக்கப்பட்ட அதன் படி வரிசைகளில் ஏறத்தாழ 24,000 பேர் அமர முடியும் என்று ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். திருத்தூதர் பவுலின் காலத்தில் ஒருநாள் அந்த அரங்கம் நிரம்பி வழிந்தது. அன்று நாடகமும் இல்லை, விழாவும் இல்லை. தெமேத்திரியு என்னும் வெள்ளித் தட்டான் தன் தொழிலுக்கு வந்த இடரை அர்த்தமி தேவதைக்கு வந்த இழிவாக மாற்றிச் சொன்னான், ஊர் கொதித்தது. பவுலின் வழித்துணைவர்களான காயுவையும் அரிஸ்தர்க்கையும் இழுத்துக்கொண்டு மக்கள் அரங்கிற்குள் பாய்ந்தனர். இரண்டு மணி நேரம் ஒரே முழக்கம். கூடியிருந்தோருள் பெரும்பாலோருக்குத் தாம் எதற்காகக் கூடினோம் என்பதே தெரியவில்லை என்று திருத்தூதர் பணிகள் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் லூக்கா மெல்லிய நகைப்போடு குறித்து வைத்திருக்கிறார்.

அந்தக் கூச்சலை அடக்கியவர் திருத்தூதரும் அல்லர், படைத்தலைவரும் அல்லர். நகர எழுத்தர் ஒருவரே அதைச் செய்தார். அவர் பெயரைக்கூட லூக்கா தரவில்லை. யார்மீதேனும் வழக்கிருந்தால் அதற்கு நீதிமன்ற நாள்கள் உண்டு, ஆளுநர்கள் உண்டு. வேறு கோரிக்கை இருந்தால் சட்டப்படி கூடும் சபை உண்டு. இன்றைய கலகத்துக்குக் காரணம் கேட்டால் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. இவ்வளவே அவர் பேச்சின் சாரம். கூட்டம் கலைந்தது.

இப்பகுதியைக் கிரேக்க மூலத்தில் படிப்போர் ஒரு சொல்லின்மீது இடறி நிற்பார்கள். கூச்சலிட்ட கூட்டத்தை லூக்கா 'எக்ளேசியா' என்கிறார். எழுத்தர் சுட்டிக்காட்டிய முறையான மக்கள் அவைக்கும் அதே சொல்லையே வழங்குகிறார். நாம் திருச்சபை என்று அன்போடு மொழிபெயர்க்கும் சொல்லும் இதுவே. கிரேக்க நகரங்களில் மக்கள் அவை பல வேளைகளில் நாடக அரங்கிலேதான் கூடியது. ஆகவே இடம் ஒன்று, மக்கள் ஒருவரே, அவர்களைக் குறிக்கும் சொல்லும் ஒன்று. கூடியபின் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே அவர்களை அரங்கமாகவோ சபையாகவோ ஆக்குகிறது.

இந்த வேறுபாட்டை நாம் இன்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாலை நேரத் தொலைக்காட்சி விவாதங்களில் யார் யாரை மடக்கினார் என்று ஆவலோடு பார்க்கிறோம். தலைவர்களின் ஏச்சுப் பேச்சுகளைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரிக்கிறோம். வாக்கு எண்ணும் நாளில் கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கைப் போல முன்னிலையும் பின்னடைவும் நம் நாடித்துடிப்பை ஏற்றி இறக்குகின்றன. அரசியலில் நாம் ஈடுபாடு உள்ளவர்கள் என்று நம்புவதற்கு இவை போதுமானவையாய்த் தோன்றுகின்றன. ஆனால் இது எவ்வகை ஈடுபாடு? அரங்கத்தின் ஈடுபாடா, சபையின் ஈடுபாடா? பழைய வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டினால் விடை தெளிவாகலாம்.

வாக்கை இழந்தவர் பெற்ற இருக்கை

உரோமைக் குடியரசின் காலத்தில் ஆட்சிப் பொறுப்பாளர்களை மக்கள் தங்கள் அவைகளில் கூடி வாக்களித்துத் தேர்ந்தனர். அந்த முறையில் ஏழையின் வாக்கு செல்வரின் வாக்குக்கு ஈடாகவில்லை. கையூட்டும் வன்முறையும் மலிந்திருந்தன. எனினும் வேட்பாளன் குடிமகனிடம் வந்து நிற்க வேண்டியிருந்தது. கி.பி. 14-இல் திபேரியு பேரரசரானதும் இந்தத் தேர்தல்கள் மக்கள் அவையிலிருந்து செனட்டு மன்றத்துக்கு மாற்றப்பட்டன. வரலாற்றாசிரியர் தாசித்துஸ் இதனைக் குறிப்பிடுகையில், மக்களிடமிருந்து வெற்று முணுமுணுப்புக்குமேல் எதிர்ப்பு எழவில்லை என்கிறார்.

ஏன் எழவில்லை? இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடிமக்களுக்கு அரசு இலவசத் தானியம் அளந்துகொண்டிருந்தது. தேரோட்டத் திடலாகிய 'சிர்க்குஸ் மாக்சிமுஸ்' ஒன்றரை இலட்சம் பேரை அமர்த்தும் அளவுக்கு விரிந்து கிடந்தது. கி.பி. 80-இல் தீத்துஸ் பேரரசர் கொலோசேயத்தைத் திறந்து வைத்தபோது காட்சிகள் நூறு நாள்கள் நடைபெற்றன. வாக்கை இழந்தவனுக்கு இருக்கை கிடைத்தது. அதுவும் கட்டணமின்றிக் கிடைத்தது.

ஆயினும் மக்கள் தங்கள் குறைகளை அடியோடு மறந்துவிடவில்லை. பேரரசரை நேருக்கு நேர் காணும் இடம் தேரோட்டத் திடல் ஒன்றே என்றாகிவிட்டதால், அவர்கள் அங்கேயே வேண்டுகோள்களை எழுப்பினர். விலைவாசி, வரிச்சுமை, வெறுக்கத்தக்க அதிகாரியின் கொடுமை ஆகிய அனைத்தும் இரண்டு ஓட்டங்களுக்கு இடையே முழக்கமாய் எழுந்தன. இரக்கமுள்ள பேரரசர் செவிசாய்ப்பார். காலிகுலாவின் காலத்தில் வரியைக் குறைக்குமாறு திடலில் மக்கள் கூவியபோது, கூவியோரைப் பிடித்துக் கொல்லுமாறு அவன் ஆணையிட்டதை யோசேப்புஸ் பதிவு செய்திருக்கிறார். உரிமையாயிருந்த ஒன்று தயவாய்க் குறுகிவிட்டது. பார்வையாளனின் குரல் எவ்வளவு உரத்திருந்தாலும் அது தயவைத்தான் கேட்க முடியும். கணக்குக் கேட்க முடியாது.

நிறமே நெறியானபோது

தேரோட்ட அணிகள் சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்னும் நான்கு நிறங்களால் அறியப்பட்டன. காலப்போக்கில் நீலமும் பச்சையுமே ஓங்கி நின்றன. தேரோட்டிகள் மக்களின் கண்கண்ட வீரர்களாயினர். அவர்களுக்காக உயிரையும் கொடுக்க இரசிகர்கள் ஆயத்தமாயிருந்தனர் என்பது உயர்வு நவிற்சியன்று.

390-ஆம் ஆண்டு தெசலோனிக்கா நகரில் மக்கள் மனம்கவர்ந்த தேரோட்டி ஒருவன் ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகச் சிறையிலிடப்பட்டான். ஓட்டத்துக்காக அவனை விடுவிக்கும்படி மக்கள் கேட்டனர். படைத்தலைவர் புத்தேரிக்குஸ் மறுத்தார். வெகுண்ட கூட்டம் அவரையே கொன்றது. செய்தி கேட்ட தெயோதோசியுஸ் பேரரசர் பழிவாங்க ஆணையிட்டார். ஓட்டம் காண வாருங்கள் என்று மக்களைத் திடலுக்கு அழைத்து, படைவீரர்களைச் சூழநிறுத்தி வெட்டி வீழ்த்தினர் என்று ருஃபீனுஸ் எழுதுகிறார். 7,000 பேர் மாண்டனர் என்பது தெயோதொரேத் தரும் கணக்கு. அவர்களுள் அந்தக் கொலையில் தொடர்பே இல்லாதோர் எத்தனை பேரோ!

இதன்பின் மிலான் ஆயர் புனித அம்புரோசியார் செய்தது நம் மறைக்கல்வி வகுப்புகளில் சொல்லப்படும் கதை: கோவில் வாயிலில் நின்று, குருதி படிந்த கையோடு உள்ளே வராதே என்று பேரரசரைத் தடுத்தார் என்பர். ஓவியர் ரூபன்சும் இக்காட்சியைத் தீட்டியிருக்கிறார். ஆனால் வாயிற்காட்சி தெயோதொரேத்து அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதியது. அது அவ்வாறே நிகழ்ந்திருக்காது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அம்புரோசியார் செய்தது வேறு. பேரரசர் மட்டுமே படிக்கும்படி தம் கைப்பட ஒரு மடல் எழுதினார். நடந்ததை அதற்குரிய பெயரால் சுட்டினார். பேரரசர் மனம் வருந்தித் தவம் மேற்கொள்ளாமல் அவர் முன்னிலையில் தாம் திருப்பலி ஒப்புக்கொடுக்க இயலாது என்று பணிவோடும் உறுதியோடும் தெரிவித்தார். தெயோதோசியுஸ் அரச ஆடைகளைக் களைந்து வெளிப்படையாகத் தவம் செய்தார்.

அந்த மடல் இன்றும் நம் கையில் இருக்கிறது. ஆனால் நம் நினைவில் நிலைத்தது வாயிற்காட்சியே. அமைதியாக எழுதப்பட்ட ஒரு மடலைவிட, வாயிலில் கைநீட்டித் தடுக்கும் காட்சியே நமக்கு இனிக்கிறது. அரங்கத்தின் சுவை திருச்சபையின் நினைவுக்குள்ளும் புகுந்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வெல்க என்ற முழக்கம்

இக்கதையின் உச்சம் கொன்ஸ்தாந்திநோபிளில் நிகழ்ந்தது. 532-ஆம் ஆண்டு சனவரித் திங்கள். கலவர வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற சிலருள் இருவர், தூக்குமரம் முறிந்ததால் உயிர் பிழைத்தனர். ஒருவன் நீல அணியினன், மற்றவன் பச்சை அணியினன். துறவியர் அவர்களை ஒரு கோவிலில் அடைக்கலம் சேர்த்தனர். 13-ஆம் நாள் தேரோட்டத்தின்போது இரு அணியினரும் அவர்களை மன்னிக்குமாறு யுஸ்தீனியானுஸ் பேரரசரை வேண்டினர். அவர் வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டாம் ஓட்டத்தின்போது இதுவரை கேட்டிராத முழக்கம் எழுந்தது. நீலமும் பச்சையும் ஒன்றாகி, தேரோட்டிகளை ஊக்குவிக்கும் 'நிக்கா' என்ற சொல்லையே, அதாவது 'வெல்க' என்பதையே, கலகக் குரலாக்கினர்.

அவர்களுடைய குறைகள் பொய்யல்ல. வரிதண்டும் பொறுப்பிலிருந்த கப்பதோக்கியா யோவானின் கொடுமைகளை அக்கால எழுத்தாளர்கள் விரிவாகக் கூறுகின்றனர். அவரையும் சட்ட அமைச்சர் திரிபோனியானுசையும் நகரத் தலைவரையும் நீக்க வேண்டும் என்று மக்கள் கேட்டனர். பேரரசர் மூவரையும் நீக்கினார். கேட்டது கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு சபை இருந்திருந்தால், இனி என்ன என்று ஆராய்ந்திருக்கும், பொறுப்பாளர்களை அமர்த்தியிருக்கும், வாக்குறுதியை எழுத்தில் கேட்டிருக்கும். அங்கு இருந்ததோ அரங்கம். அரங்கத்துக்கு அடுத்த காட்சி வேண்டும். நகரம் எரிந்தது, பழைய ஞானத் திருக்கோவிலும் சாம்பலாயிற்று. முன்னாள் பேரரசரின் உறவினரான இப்பாத்தியுசை, அவர் மனைவி கதறத் தூக்கிச் சென்று திடலில் முடிசூட்டினர்.

ஆறாம் நாள், நர்செஸ் என்னும் அரண்மனை அலுவலர் நீல அணித் தலைவர்களிடையே பொன்னை இறைத்தார். ஒன்றுபட்ட குரல் மீண்டும் இரண்டு நிறங்களாய்ப் பிரிந்தது. பெலிசாரியுசும் முந்துசும் தம் படைகளோடு திடலின் வாயில்கள் வழியே நுழைந்தனர். அன்று மாண்டோர் 30,000 பேருக்கு மேல் என்கிறார் புரோகோப்பியுஸ். எண்ணில் மிகையிருக்கலாம் என்று கொண்டாலும், பெருந்தொகையினர் அத்திடலிலேயே மடிந்தனர் என்பதில் ஐயமில்லை.

அதன்பின் நிகழ்ந்ததைப் பலரும் சொல்வதில்லை. எவரை நீக்கச் சொல்லி மக்கள் உயிர்விட்டார்களோ, அந்தக் கப்பதோக்கியா யோவான் அதே ஆண்டிலேயே மீண்டும் பதவியில் அமர்ந்தார். மேலும் எட்டாண்டுகளுக்கு மேல் அதில் நீடித்தார். திரிபோனியானுசும் சில ஆண்டுகளில் தம் பழைய பொறுப்புக்குத் திரும்பினார். சாம்பலின்மேல் யுஸ்தீனியானுஸ் எழுப்பிய புதிய ஞானத் திருக்கோவில் 537-ஆம் ஆண்டு டிசம்பர் 27-இல் நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் மாடத்தை இன்றும் உலகம் வியந்து நோக்குகிறது. மக்கள் கேட்ட வரிக்குறைப்பு எங்கே போயிற்று என்று வியப்போர் இலர்.

பெயரறியாத நம்பிக்கையாளர்கள்

அப்படியானால் அக்காலத்துச் சாதாரணக் குடிமகன் என்னதான் செய்திருக்க முடியும்? முடியாட்சியில் அவனுக்கு வேறு வழி ஏது? இக்கேள்வி நியாயமானதே. இதற்கு விடையாக ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம்.

புனித அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியுசை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். இளமையில் கார்த்தேஜில் தேரோட்டப் பித்துப் பிடித்தவர் அவர். அதிலிருந்து மீண்டு, சட்டம் பயில உரோமை சென்றார். அங்கே நண்பர்கள் அவரை வலிந்து வாட்போர் அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்திருந்த அவர், திடீரென எழுந்த பேரொலி கேட்டுக் கண் திறந்தார். திறந்த கண்ணை மூட இயலாதவரானார். பிறகு மற்றவர்களையும் அவரே அழைத்துச் செல்லத் தொடங்கினார் என்று அகுஸ்தினார் தம் தன்வரலாற்று நூலின் ஆறாம் பகுதியில் எழுதுகிறார். அதே பகுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. பின்னர் அலிப்பியுஸ் உரோமையில் கருவூல அலுவலர் ஒருவரின் துணைவராய்ப் பணியாற்றியபோது, செல்வாக்கு மிக்க செனட்டர் ஒருவர் சட்டத்துக்குப் புறம்பான சலுகை கேட்டார். கையூட்டையும் மிரட்டலையும் அலிப்பியுஸ் ஒருங்கே தள்ளிவிட்டார். அரங்கத்தில் தன்னை இழந்தவர் அலுவலக மேசையில் தன்னைக் காத்துக்கொண்டார்.

முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்தன. இருவரும் ஆயர்களாயினர். அகுஸ்தினார் அலிப்பியுசுக்கு எழுதிய மடல் ஒன்று நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, யோகன்னஸ் திவ்யாக் என்னும் ஆஸ்திரிய அறிஞரால் கண்டெடுக்கப்பட்டு 1981-இல் அச்சேறியது. அக்காலத்தில் ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் ஆள்கவரும் கும்பல்கள் இரவில் புகுந்து, அடிமைகள் அல்லாத மக்களைப் பிடித்து வணிகரிடம் விற்றன. ஹிப்போ துறைமுகத்திலிருந்து கப்பல்கள் அவர்களைக் கடல்கடந்து கொண்டுசென்றன. வணிகருக்குச் செல்வாக்குள்ள புரவலர்கள் இருந்தனர். ஒருமுறை ஹிப்போ சபையைச் சேர்ந்த நம்பிக்கையாளர் ஒருவர் இதை அறிந்து மற்றவர்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் உடனே சென்று, கப்பலிலிருந்தும் ஒளித்து வைக்கப்பட்டிருந்த இடத்திலிருந்தும் ஏறத்தாழ 120 பேரை மீட்டனர். அவர்களுள் பெற்றோரால் விற்கப்பட்டவர்கள் ஐந்தாறு பேரே. மற்றவர்கள் பலவாறு ஏமாற்றப்பட்டோ கடத்தப்பட்டோ வந்தவர்கள். இந்த மீட்பு நடந்த வேளையில் ஆயர் அகுஸ்தினார் ஊரிலேயே இல்லை!

ஊர் திரும்பிய ஆயர் அடுத்ததைச் செய்தார். மீட்கப்பட்ட சிறுமி ஒருத்தியிடம் நிகழ்ந்ததைக் கேட்டறிந்து எழுதினார். வணிகரின் புரவலர்கள் மீட்கப்பட்டோரைத் திரும்பக் கேட்டுத் தொல்லை கொடுத்ததையும் எழுதினார். ஆள்வணிகருக்கு எதிராக முன்னமே பிறப்பிக்கப்பட்ட பேரரசின் சட்டத்தைத் தேடியெடுத்தார். அது நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என்றும், ஆனால் அதிலுள்ள ஈயக் கசையடியால் மனிதர் மடியக்கூடும் என்பதால் அதைத் தளர்த்த வேண்டும் என்றும் கருதினார். இவற்றையெல்லாம் அரசவையில் எடுத்துரைக்குமாறு அப்போது இத்தாலியிலிருந்த அலிப்பியுசை வேண்டிக்கொண்டார். ஒருகாலத்தில் இரத்தக் காட்சிக்குக் கண்களைப் பறிகொடுத்தவரிடம், கண்மறைவாய் நடந்த கொடுமையை ஆள்வோர் கண்முன் கொண்டுசெல்லும் பணி ஒப்படைக்கப்பட்டது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அடிமைமுறையையே ஒழிக்க வேண்டுமென்று அகுஸ்தினார் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவர் காலம் விழிக்கவில்லை. அந்த மடலால் ஆள்வணிகம் நின்றுவிடவும் இல்லை. ஆனால் அந்த 120 பேர் வீடு திரும்பும் வழி பெற்றனர். கொன்ஸ்தாந்திநோபிள் திடலில் பல்லாயிரம் பேர் முழங்கியும் பெறாத ஒன்றை, ஹிப்போவின் பெயரறியாத பொதுநிலையினர் சிலர் கண் விழித்து, கால் நடந்து, பொருள் செலவிட்டு, வழக்கையும் தாங்கிப் பெற்றனர்.

நம் சபைகள்

விளையாட்டும் கலையும் தீயவை என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. உழைத்துக் களைத்தவனுக்கு மகிழ்ச்சி வேண்டும். அரசியல் மேடையில் நகைச்சுவையும் இருக்கட்டும். தீமை எங்கே பிறக்கிறது? பார்ப்பதே பங்கேற்பது என்று நாம் நம்பத் தொடங்கும் இடத்தில் பிறக்கிறது. கரைவேட்டியின் நிறத்தைப் பார்த்த பிறகே செய்தி உண்மையா பொய்யா என்று முடிவு செய்யும்போது, நீலமும் பச்சையும் நம் தெருவுக்கு வந்துவிட்டன. நம் அணியின் தலைவர் செய்தால் சாமர்த்தியம், எதிரணியினர் செய்தால் அநீதி என்றால், நாம் குடிமக்கள் அல்லோம், இரசிகர்கள்.

தெசலோனிக்கா மக்களுக்கும் ஹிப்போ மக்களுக்கும் இல்லாத கருவிகள் நம் கையில் உள்ளன. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பிலேயே இடம் தந்தது. தமிழகத்தில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களில் கூடிவந்த கிராம சபை, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூட வேண்டும் என 2022-இல் முடிவாயிற்று. ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கவும், பயனாளிகள் பட்டியலை ஆராயவும் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் அங்கே உரிமை உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதினால், பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தர வேண்டிய கடமை அலுவலருக்கு உண்டு. காலிகுலாவின் திடலில் கூவியவனுக்கு இது கிடைத்திருந்தால் என்ன கொடுத்திருப்பான்!

ஆனால் கிராம சபையில் கைதட்டல் இல்லை, இசை இல்லை, ஒளிப்பதிவுக் கருவிகள் இல்லை. குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாக்கடை, பள்ளிக் கூரை என்று பேச்சு சலிப்பூட்டும். சென்றமுறை கேட்ட அதே கேள்வியை மறுமுறையும் கேட்க வேண்டியிருக்கும். இந்தச் சலிப்பைத் தாங்குவதே இன்றைய குடிமகனின் தவமுயற்சி என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, பொதுநலனுக்காக வாக்களிப்பதை உரிமையாகவும் கடமையாகவும் கற்பிக்கிறது; அரசியல் சமூகத்தில் கிறித்தவர்களுக்குத் தனி அழைப்பு உண்டென்றும் நினைவூட்டுகிறது. அந்த அழைப்பு பாளையில் மை வைக்கும் ஒரு நாளோடு முடிவதில்லை. விரலில் வைத்த மை அழிந்த பின்னும் அது தொடர்கிறது.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்கு முன்வரும் வாரத்தில், உங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நம் தெருவில் முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர் யார், பட்டியலில் பெயர் விடுபட்டவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். அவர் எந்த மதத்தினர், எந்தச் சாதியினர், எந்தக் கட்சியினர் என்று பாராதிருங்கள். ஹிப்போ மக்களும் கப்பலில் கிடந்தவர்களிடம் அதைக் கேட்டதாக அம்மடலில் இல்லை. இருவரோ மூவரோ அத்தாளைக் கையில் கொண்டு கிராம சபைக்குச் செல்லுங்கள். நகரில் வாழ்வோர் தம் வார்டு உறுப்பினரைத் தேடிச் செல்லுங்கள். விடை வரும்வரை அத்தாளைக் கிழித்துவிடாதீர்கள்.

எபேசின் எழுத்தர் கலைத்து அனுப்பிய கூட்டத்துக்கும் நமக்கும் லூக்கா ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார். தமிழிலும் அப்படியே வாய்த்திருக்கிறது: ஞாயிறன்று நாம் கூடுவது திருச்சபை, ஊர்ப் பொதுவில் கூடுவது கிராம சபை. முதலாவதில் அப்பத்தைப் பகிர்ந்துண்பவர்கள் இரண்டாவதில் காலியாக விட்டுவைக்கும் இருக்கைகளை யார் வந்து நிரப்புவார்கள்?